காரில் இரண்டாவது பேட்டரி: ஆடியோ வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கழற்றி மாட்டுவதுதான் தொழில். டிக்கியில் சப்-வூஃபரும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பெரிய ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) ஏற்றியவர்கள் ‘செல்ஃப் எடுக்கல’ என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு இந்த வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்வியை எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 12 வோல்ட் வண்டிக்கு.

அண்ணா, ரெண்டு பேட்டரி போட்டா சவுண்டு ரெண்டு மடங்கு ஆகுங்களா?

ஆகாது. சத்தம் எவ்வளவு என்பது ஆம்ப், ஸ்பீக்கர், பெட்டி இந்த மூன்றின் கையில் இருக்கிறது. பேஸ் விழும் நொடியில் வோல்ட் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது மட்டுமே இரண்டாவது பேட்டரியின் வேலை.

வோல்ட் சரிந்தால் என்ன நஷ்டம் என்று பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஆம்புகளில் வோல்ட் 14-லிருந்து 11.5-க்கு இறங்கினால் வெளியே வரும் பவரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். காதுக்கு அது 2 டெசிபல்கூட இல்லை, லேசாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் குறைந்த வோல்ட்டில் ஆம்ப் ‘கிளிப்’ ஆக, அதாவது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட, ஆரம்பிக்கும். நாமோ சத்தம் குறைந்துவிட்டது என்று வால்யூமை இன்னும் திருகுவோம். சப்-வூஃபரின் கம்பிச் சுருள் (காயில்) கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்போ கரண்டு எங்கிருந்துதான் வருது?

வீட்டில் போர் மோட்டார், மாடியில் தண்ணீர்த் தொட்டி, குழாய் மூன்றும் இருக்கிறதல்லவா? ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். பேட்டரி தொட்டி, வயர் குழாய். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தருகிறது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட். ஆக, வண்டி ஓடும் நேரத்தில் பேட்டரி கரண்ட் கொடுப்பதில்லை, வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரால் முடியாத அளவுக்கு ஆம்ப் இழுக்கும்போதுதான் வோல்ட் இறங்கி, பேட்டரி கைகொடுக்கும்.

இரண்டாவது பேட்டரி என்பது இரண்டாவது தொட்டி. மோட்டார் அதேதான். ஓட்டத்தின் சராசரித் தேவை மோட்டாரின் சக்தியைத் தாண்டினால் எத்தனை தொட்டி வைத்தாலும் ஒரு நாள் எல்லாம் காலியாகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

என் வண்டிக்கு ரெண்டாவது பேட்டரி வேணுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆம்ப் பெட்டியில் ‘2000 வாட்ஸ்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஆம்பின் பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டுங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு என்றால் மொத்தம் 60. அதை 13.8-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 828 வாட்ஸ். டி கிளாஸ் (கரண்டை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் அதில் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும் என்று வைத்தாலும் 660 வாட்ஸ் பக்கம்தான் வரும். மீதி 1340 வாட்ஸ் அச்சடித்தவர் கற்பனை.

இப்போது உண்மையான 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) டி கிளாஸ் ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டு என்பது இடைவிடாத உச்சம் இல்லை. சராசரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 ஆம்பியர் என்று கணக்கு வைக்கலாம். ஏசி, ஃபேன், ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் என்று வண்டியின் சொந்தச் செலவு 30, 40 ஆம்பியர். நம் ஊர்ச் சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் வரை. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அதில் பாதியை எதிர்பார்த்தாலே அதிகம். 500, 600 வாட்ஸ் ஆர்எம்எஸ் வரை நல்ல முன் பேட்டரியும் நல்ல வயரும் போதும் என்பது என் கணக்கு. 1000-ஐத் தாண்டினால் இரண்டாவது பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் அதற்கு முன்பே யோசிக்கலாம்.

ஹெட்லைட் பேஸுக்கு பேஸ் டான்ஸ் ஆடுது. உடனே பேட்டரி வாங்கிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் பானட்டுக்குள் மூன்று வயர்களைப் பாருங்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு வருவது, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போவது, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த். கம்பெனியில் போட்ட இந்த வயர்கள் கம்பெனி லோடுக்குத்தான் அளவு. ஏழெட்டு வருட வண்டியில் எர்த் பட்டை பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருக்கும். இந்த மூன்றுக்கும் பக்கத்திலேயே 35 சதுர மிமீ செம்பு வயரை ஓட்டி (ஆல்டர்னேட்டர் வயரில் ஃபியூஸோடு), முனைகளைச் சுத்தமாகத் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகளில் டான்ஸ் நின்றுவிடுகிறது. செலவு ஒரு பேட்டரி விலையில் சிறு பங்கு.

அதுக்குப் பதிலா ஆல்டர்னேட்டரையே பெருசாக்கிட்டா?

சரியான வழி அதுதான், மோட்டாரைப் பெரிதாக்குவது போல. ஆனால் உங்கள் மாடலுக்குப் பொருந்தும் பெரிய ஆல்டர்னேட்டர் கிடைக்க வேண்டும். பெல்ட் வழுக்காமல் தாங்க வேண்டும். 100 ஆம்பியரை 14 வோல்ட்டில் எடுக்க பெல்ட் வழியாக இன்ஜின் மூன்று குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கிறது. சின்ன இன்ஜினில் அது ஏற்றத்தில் தெரியும். பழைய ஆல்டர்னேட்டரையே ரீவைண்டிங் செய்து ‘ஆம்பியர் ஏற்றித் தருகிறேன்’ என்பவர்களிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன். டயோடும் குளிர்ச்சியும் பழைய அளவிலேயே இருக்க, காயில் மட்டும் தடித்து என்ன பயன்?

சீரிஸா பேரலலா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எப்போதும் பேரலல்தான். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ். வோல்ட் 12 ஆகவே இருக்கும், ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) கூடும். ஒன்றின் பாசிட்டிவை இன்னொன்றின் நெகட்டிவோடு கோத்தால் அது சீரிஸ், 24 வோல்ட். ஆம்ப், ஸ்டீரியோ, வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

வீட்ல பழைய பேட்டரி ஒண்ணு சும்மா கிடக்கு. புதுசோட சேத்துக்கலாமுங்களா?

வேண்டாம். பேரலலில் இருக்கும் இரண்டு பேட்டரிகள் ஒரே ஏரில் பூட்டிய மாடுகள் மாதிரி. நோஞ்சான் மாடு நல்ல மாட்டையும் இழுத்துவிடும். பழையதில் ஒரு செல் பலவீனமாக இருந்தால் இரவெல்லாம் புதியது அதற்குக் கரண்ட் ஊட்டிக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் இரண்டும் காலி. ஒரே வகை, ஒரே வயது, முடிந்தால் ஒரே கம்பெனி என்று எடுங்கள்.

ஒண்ணு 45, இன்னொண்ணு 65 ஆம்பியர்-ஹவர். தப்பா?

வகையும் வயதும் ஒன்றாக இருந்தால் தப்பில்லை. பெரியது அதிகம் கொடுக்கும், அதிகம் வாங்கிக்கொள்ளும். அளவு வேறுபட்டால் வெடிக்கும் என்பது சீரிஸ் பற்றிய பயத்தைப் பேரலலுக்குக் கொண்டுவந்தது.

இணைக்கும்போது பளிச்சுன்னு ஸ்பார்க் வந்துச்சு. ஏதாச்சும் தப்பா?

ஒன்று 12.7-லும் இன்னொன்று 11.8-லும் இருந்திருக்கும். 0.9 வோல்ட் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இடையில் இருக்கும் மொத்தத் தடை ஓம்மில் நூறில் ஒன்றிரண்டு பங்கு அளவுதான். அதனால் 50, 60 ஆம்பியர் ஒரே பாய்ச்சலாக ஓடும். இரண்டையும் தனித்தனியாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் வைத்திருந்து, மீட்டரில் 0.1 வோல்ட்டுக்குள் வந்த பிறகு இணையுங்கள்.

வரிசையும் முக்கியம். ஃபியூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் பாசிட்டிவ், அப்புறம் நெகட்டிவ், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஃபியூஸ். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியின் அருகில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், ஸ்பார்க் அங்கே கூடவே கூடாது.

முன்னாடி ஒரு ஃபியூஸ் இருக்கே. பின்னாடி எதுக்கு இன்னொண்ணு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒரே பேட்டரி இருந்தபோது கரண்ட் முன்னாலிருந்து மட்டும் வந்தது, ஒரு ஃபியூஸ் போதும். இப்போது அந்த நீளமான வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது வயர் பாடியைத் தொட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். எனவே முன் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 45 செமீ தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ், பின் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும் அதே தூரத்துக்குள் இன்னொன்று. அதோடு, பின் பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயருக்குத் தனியாக ஒன்று.

ஒரு ஹேட்ச்பேக் என்னிடம் வந்தது, வேறோர் இடத்தில் வயரிங் செய்தது. முன்னால் நல்ல ஃபியூஸ் இருந்தது, பின்னால் இல்லை. பின் சீட்டை மடக்கி மடக்கி விரித்ததில் கீல் வயரை நசுக்கி, தோல் கிழிந்து, செம்பு பாடியில் பட்டுவிட்டது. முன் ஃபியூஸ் உடனே அறுந்தது, அதன் வேலையை அது செய்தது. பின் பேட்டரி விடவில்லை. நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி வயரே சிவந்து, தரை விரிப்பு எரிந்தது. உரிமையாளர் அப்போது வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றதால் நெகட்டிவைப் பிடுங்கினார். பின்னால் போடாமல் விட்ட ஃபியூஸ் 200 ரூபாய்ப் பொருள்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடறது? ஆம்ப் பாத்தா, பேட்டரி பாத்தா?

வயரைப் பார்த்து. ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல, வயரை. 25 சதுர மிமீ நல்ல செம்புக்கு 150 ஆம்பியரைத் தாண்டாதீர்கள். 50 சதுர மிமீக்கு 250 முதல் 300 வரை போகலாம். அடிக்கடி அறுகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, மருந்து கசக்கிறது என்று துப்பிவிடுவது போல. அறுந்தால் காரணம் தேடுங்கள், அல்லது வயரைத் தடிப்பாக்குங்கள்.

ஆன்லைன் கிட்ல வர்ற 4 கேஜ் வயர் போதுங்களா?

கிட் வயரில் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. எடையிலும் தெரியும், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். அதே தடிமன் செம்போடு ஒப்பிட்டால் கரண்டை மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் கடத்தும். அதிலும் சில கிட்களில் ரப்பர் தோல்தான் தடிமன், உள்ளே இருப்பது விரல் நகம் அளவு கம்பி. ‘4 கேஜ்’ என்பது உண்மையில் 21 சதுர மிமீ இருக்க வேண்டும்.

முன்னாலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மிமீ செம்பில் 100 ஆம்பியர் ஓடினால் பாசிட்டிவ் வயரிலேயே 0.34 வோல்ட் போகும். அதே அளவு பூச்சு வயரில் அரை வோல்ட்டுக்கு மேல். 50 சதுர மிமீ செம்பில் 0.17 வோல்ட்தான். குழாய் ஒடுங்கினால் தொட்டி நிறைய இருந்தும் ஷவரில் தண்ணீர் சொட்டுவது இதுதான். 1000 வாட்ஸ் ஆம்புக்கு 35, அதற்கு மேல் 50 சதுர மிமீ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்பு வெல்டிங் கேபிள் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக. மெல்லிய இழைகள், நன்றாக வளையும், ஹார்டுவேர் கடையிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும். இன்ஜின் பக்கம் வெப்பத்துக்கும் ஆயிலுக்கும் படாமல் மேலே ஸ்லீவ் போடுங்கள். தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே நுழைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். முனைகளுக்கு செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) வைத்து ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

நெகட்டிவை டிக்கி பாடியிலயே அடிச்சுடலாமா, இல்ல முன்னாடி வரை வயர் இழுக்கணுமா?

பாடியில் அடிக்கலாம். ஆனால் பாசிட்டிவ் வயர் எவ்வளவு தடிப்போ அதே தடிப்பு, நீளம் அரை மீட்டருக்குள். பெயின்ட்டைத் தகரம் தெரியத் தேய்த்து, தடித்த சேசிஸ் பகுதியில் போல்ட் போட்டு, மேலே துரு பிடிக்காமல் கிரீஸ் அல்லது பெயின்ட். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். 2000 வாட்ஸைத் தாண்டினால் நெகட்டிவையும் முன்வரை இழுப்பதே என் வழக்கம். இப்போதைய பாடிகளில் தகரத் துண்டுகள் பசையாலும் புள்ளி வெல்டாலும் ஒட்டியவை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கரண்ட் ஓடும் என்று நம்ப முடியாது.

ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் இன்ஜின் தானே நின்று மறுபடி ஓடும் வசதி) உள்ள வண்டிகளில் முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் ஒரு சின்ன சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும். போகிற, வருகிற கரண்டை அது எண்ணுகிறது. உங்கள் நெகட்டிவை அந்தக் கம்பத்தின் மேல் நேரடியாக மாட்டினால் ஆம்ப் இழுப்பது அதன் கணக்கில் வராது; வண்டி தவறாகச் சார்ஜ் செய்யும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில் எர்த் ஆகும் இடத்தில் மாட்டுங்கள்.

ஐசோலேட்டர்னா என்ன? போடலேன்னா என்ன ஆகும்?

இன்ஜின் நின்றதும் இரண்டு பேட்டரிகளையும் பிரித்துவிடும் சாதனம். அது இருந்தால் பின்னால் உள்ளதைக் காலி செய்தாலும் முன்னால் உள்ளது செல்ஃபுக்குத் தயாராக இருக்கும். இன்ஜின் ஓடாமல் பாட்டே போடமாட்டேன் என்பவர், ஒரே வகைப் பேட்டரி வைத்திருந்தால், ஐசோலேட்டர் இல்லாமலே இருக்கலாம். ஆனால் வாலிபால் மைதானத்தில் டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

மூன்று வகை. முதலாவது சொலினாய்டு: இக்னிஷன் வந்ததும் சேரும், போனதும் பிரியும். தொடர்ந்து மணிக்கணக்கில் ஆனில் இருக்கத் தயாரித்ததாக வாங்குங்கள். செல்ஃபுக்கு வரும் சொலினாய்டைப் போட்டால் சில நிமிடங்களில் கொதித்துவிடும். இரண்டாவது, வோல்ட்டைப் பார்த்துத் தானே சேரும் ரிலே: 13.3 வோல்ட் வாக்கில் சேர்ந்து, 12.8 வாக்கில் பிரியும். பெரும்பாலானவர்களுக்கு நான் மாட்டுவது இதைத்தான். மூன்றாவது, டயோடு வைத்தது. அதில் 0.7 வோல்ட் வரை வழியிலேயே போய்விடும், பின் பேட்டரி ஒருபோதும் முழுசாகச் சார்ஜ் ஏறாது.

எதுவாக இருந்தாலும் ஆம்பின் பாசிட்டிவ் பின் பேட்டரியில் இருக்க வேண்டும். ஐசோலேட்டரின் ஆம்பியர் அளவு உங்கள் உச்சத் தேவைக்கு மேல் இருக்க வேண்டும்.

ஐசோலேட்டர் போட்டும் காலைல செல்ஃப் எடுக்கலியே சார்?

நான் முதலில் பார்ப்பது, ஏதாவது ஒரு ஆம்ப் அல்லது ஸ்டீரியோ இன்னும் முன் பேட்டரியிலேயே இருக்கிறதா என்று. அடுத்து, ஐசோலேட்டரின் உள் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருக்கிறதா: இன்ஜினை அணைத்து, சற்று நேரம் பாட்டுப் போட்டு, இரண்டு பேட்டரியிலும் வோல்ட் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் சேர்ந்து இறங்கினால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு திருடன் ரிமோட் வயர். ஸ்டீரியோவிலிருந்து ஆம்பை எழுப்பும் அந்த நீல வயரை நேராக பாசிட்டிவில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆம்ப் தூங்கவே தூங்காது. வண்டி பூட்டியிருக்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். ஒரு ஆம்பியர் இழுத்தால் 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு நாளில் படுத்துவிடும்.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எவ்வளவு நேரம் பாட்டு ஓட்டலாம்?

65 ஆம்பியர்-ஹவர் என்றால் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், 32 என்று வையுங்கள். மிதமான வால்யூமில் 15 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம். 40 ஆம்பியர் இழுத்தால் முக்கால் மணிகூட வராது, ஏனென்றால் வேகமாக இழுக்க இழுக்க லெட்-ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. ஓய்வில் 12.2 வோல்ட் என்றால் பாதி தீர்ந்தது, நிறுத்திவிடுங்கள்.

எடுத்ததைத் திருப்பி ஏற்றவும் நேரம் வேண்டும். அந்த 32-ஐ நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும், கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். சாய்பாபா காலனியிலிருந்து காந்திபுரம் வரை ஓட்டிவிட்டு ‘சார்ஜ் ஏறியிருக்கும்’ என்று நினைக்காதீர்கள். மாதம் ஒரு முறை வீட்டுச் சார்ஜரில் முழுசாக ஏற்றினால் பேட்டரி உங்களை வாழ்த்தும்.

கரண்ட் கட் இல்லாததால இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கு. அதை டிக்கில வச்சா?

வாரம் ஒருவராவது கேட்கிறார். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல். கொஞ்சமாக, நீண்ட நேரம் கொடுப்பதற்குச் செய்தது. பேஸ் கேட்கும் திடீர் ஆம்பியருக்கு அதன் தடித்த தகடுகள் மந்தம். வளைவில் ஆசிட் தெறிக்கும், வாயுவும் வரும். வீட்டிலேயே இருக்கட்டும்.

டிக்கிக்கு சாதா பேட்டரியா, ஏஜிஎம்மா?

பயணிகள் மூச்சு விடும் இடத்துக்குள் வைப்பதால் ஏஜிஎம். அதில் ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும், சிந்தாது, சாதாரண நிலையில் வாயு வெளியே வராது, உள்தடையும் குறைவு. சாதா பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. அதுதான் வேண்டும் என்றால் மூடிய பெட்டி, வெளியே போகும் வென்ட் குழாய் இரண்டும் வேண்டும்.

எந்தப் பேட்டரியானாலும் இரும்புத் தட்டில் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். 17 கிலோ பொருள் சடன் பிரேக்கில் சும்மா இருக்காது. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அடுப்பு மாதிரி. பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு. நிழலில் நிறுத்துங்கள்.

லித்தியம் போட்டா எடை குறையுமே?

குறையும், வோல்ட்டும் கெட்டியாக நிற்கும். ஆடியோவுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைதான் பொருந்தும்: 3.2 வோல்ட் செல் நான்கு, மொத்தம் 12.8. சிக்கல் எங்கே என்றால், முழுச் சார்ஜில் அது ஓய்வில் 13.3 வோல்ட் பக்கம் நிற்கும். லெட்-ஆசிட் 12.7. இரண்டையும் நேராக இணைத்தால் இன்ஜின் நின்ற பிறகும் லித்தியம் அடுத்தவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இருக்கும். வோல்ட் பார்க்கும் ரிலேயும் ஏமாந்து பிரியாமல் நிற்கும். காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவில்லாமல் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் (வோல்ட்டையும் கரண்டையும் கட்டுப்படுத்திப் பின் பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி) வையுங்கள். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இல்லாத செல்களை யாராவது கட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் வெச்சா பேட்டரியே வேண்டாமாமே?

கணக்கு போடுவோம். 14.4-லிருந்து 12.4 வோல்ட் வரை இறங்கும்போது ஒரு ஃபாரட் கொடுப்பது 27 ஜூல். 1000 வாட்ஸுக்கு அது நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 26 லட்சம் ஜூல். கெப்பாசிட்டரின் நீல எல்இடி வோல்ட் மீட்டர் அழகாக இருக்கும், அதற்காக வேண்டுமானால் வாங்கலாம்.

புது வண்டி, ஸ்மார்ட் ஹைப்ரிட்னு எழுதியிருக்கு. அதுல?

கவனம். இப்போதைய பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14-ல் நிற்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 12.5 பக்கம் இறங்கும், விடும்போது 15 வரை ஏறும். மேலே சொன்ன ரிலே அங்கே சேர்ந்து பிரிந்து, சேர்ந்து பிரிந்து பைத்தியமாகிவிடும். இந்த வண்டிகளுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான். எர்டிகா போன்ற ஸ்மார்ட் ஹைப்ரிட் மாடல்களில் முன் பேட்டரி தவிர உள்ளே ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் உண்டு. அதிலிருந்து ஆடியோவுக்கு ஒரு வயர்கூட எடுக்கக் கூடாது.

எலக்ட்ரிக் கார்ல?

அதிலும் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அதைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர் அல்ல, பெரிய பேட்டரியிலிருந்து வரும் கன்வெர்ட்டர். அதன் அளவு தெரியாமல் பெரிய ஆம்ப் வேண்டாம். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது நூற்றுக்கணக்கான வோல்ட்.

நம்ம டூரிஸ்ட் பஸ் 24 வோல்ட். ரெண்டு பேட்டரில ஒண்ணுலேருந்து 12 எடுத்துக்கறோம். சரிதானே?

ஊர் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், ஊர் முழுக்க பேட்டரியும் போகிறது. அங்கே இரண்டும் சீரிஸில் இருக்கின்றன. கீழ் பேட்டரி மட்டும் ஆம்புக்குக் கரண்ட் கொடுத்து இளைக்கும். ஆல்டர்னேட்டர் பார்ப்பதோ மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்று மட்டும். கீழே உள்ளது 13-ல் பட்டினி கிடக்க, மேலே உள்ளது 15-ல் கொதித்துத் தண்ணீர் வற்றும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். பெரிய ஆம்ப் என்றால் ஆடியோவுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய அந்தக் கன்வெர்ட்டர்.

மூணு நாலு பேட்டரி வரிசையா வச்சா எப்படி இழுக்கறது?

பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுங்கள், குறுக்காக. இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுத்தால் அதுதான் அதிகம் உழைத்து முதலில் சாகும். இடையில் இணைக்கும் துண்டு வயர்கள் எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிப்பு. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃபியூஸ். அதற்கு முன் இரண்டாவது கேள்வியின் பதிலை மறுபடி படித்து, மோட்டார் ஒன்றுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ், போலீஸ் பிரச்சினை வருமா?

வெளியிலிருந்து பொருத்திய மின் சாதனங்களை இன்சூரன்ஸில் அறிவித்துத் தனி பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பீடு. அறிவிக்காத வயரிங்கால் தீப்பிடித்தால் முழு கிளெய்மிலும் கை வைப்பார்கள். வாரண்டி உள்ள வண்டியில் கம்பெனி வயரை வெட்டாமல் வேலை செய்யச் சொல்லுங்கள். சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் ‘பேரலல் கனெக்‌ஷன்’ என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

எல்லாம் முடிஞ்சுது. சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் எடுங்கள். சாதா மீட்டர் பேஸின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. இன்ஜின் ஓட, பாட்டு இல்லாமல், முன் பின் இரண்டு பேட்டரியிலும் 13.8-க்கு மேல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே 0.2-க்கு மேல் வித்தியாசம் கூடாது. அடுத்து பேஸ் நிறைய உள்ள பாட்டை வழக்கமான வால்யூமில் போட்டு, ஆம்பின் டெர்மினலிலேயே பாருங்கள். 12.5-க்குக் கீழே போகாவிட்டால் நல்ல வேலை. 12-க்குக் கீழே போனால், மீட்டரின் ஒரு முனையை முன் பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்ப் பாசிட்டிவிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தவறு வயரிலோ லக்கிலோ ஃபியூஸ் ஹோல்டரிலோ ஐசோலேட்டரிலோ. நெகட்டிவ் பக்கமும் அப்படியே.

இருபது நிமிடம் ஓடியதும் பாட்டை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் ஹோல்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் லூஸான இடம். ஒரு மாதம் கழித்து எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். நம் ரோட்டில் ஒன்றிரண்டாவது கழன்றிருக்கும்.